லாபம் யார்?

போன மாதம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னைத் தேடி வந்தார். அவர் தங்கியிருந்த விடுதிக்காரர், "இங்கிலிஷ் பேசுற பழைய டீச்சர் ஒராள் இரிக்கா" என்று சொல்லி என் வீட்டைக் காட்டிவிட்டிருக்கிறார். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படையின் குண்டுவீச்சு அணி ஒன்றில் அவருடைய தாத்தா விமானியாக இருந்தவராம். அந்த அணியின் வரலாற்றை அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். அணி சில காலம் திருகோணமலைப் பக்கத்தில் ஒரு தளத்தில் இருந்ததால் இந்தக் கரை முழுவதும் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தார். இரட்டை எஞ்சின் விமானம், அதன் முன்னால் மேற்சட்டை இல்லாமல் மூன்று இளைஞர்கள். விமானி இருக்கும் இடத்துக்குக் கீழே வெள்ளைப் பெயின்டில் ஐந்து ஆங்கில எழுத்துகள். எல், ஏ, பி, ஏ, எம். அணியின் பழைய காகிதங்களில் எங்கும் இதற்கு விளக்கம் இல்லையாம். யாரோ ஒரு பெண்ணின் பெயராக இருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம்.

"லாபம் யார்?" என்று கேட்டார்.

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை நான் மெதுவாகக் கீழே வைத்தேன். நாளைக்கு வாருங்கள், சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கிழவிக்குக் களைப்பு என்று நினைத்திருப்பார். இதே கேள்வியை முப்பது வருடங்களுக்கு முன்பே ஒருவன் தமிழில் கேட்டிருந்தான். அவன் கையில் துவக்கு இருந்தது.

அன்று முழுக்க நான் பெரியையாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் காலையும் மாலையும் பார்த்த ஒரு மனிதரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாததற்கு நான் சொல்லக்கூடிய சாட்டு எதுவும் இல்லை.

அப்போது நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். வீடு கிழக்குக் கரையில். காலையில் பாதை ஏறிப் போய், மாலையில் பாதை ஏறி வருவோம். வாவியைக் கடக்கிற பெரிய மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அக்கரைக்காரர் இருவர் சவளம் ஊன்றித் தள்ளுவார்கள். இக்கரையில் கயிற்றைப் பிடித்துக் கட்டுவது பெரியையாவின் வேலை. அரசாங்கம் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் அவர் கயிற்றை விடவில்லை. புதிதாக வந்தவன் கொட்டிலில் படுத்துக் கிடக்க, இவர் முழங்கால் தண்ணீரில் நிற்பார். மெலிந்த உடம்பு, அகலமான காது, அந்தக் காதில் ஒரு சோக்குக்கட்டி. அந்தச் சோக்கைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது நான்தான்.

எதற்கென்றால், அவர் எங்களை எண்ணுவார். காலையில் பாதையில் ஏறும் ஒவ்வொரு தலையையும் எண்ணி, கொட்டில் தூணில் கோடு போடுவார். மாலையில் இறங்கும் தலைகளை எண்ணிக் கோடுகளைத் துடைப்பார். இரவு அக்கரையில் தங்கப் போகிறவர்கள் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தங்கினால் மறுநாள் ஏச்சுத்தான்.

முதல் நாள் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சைக்கிள்களுக்குள் நெரிபடாமல் முன்கம்பியோரம் நிற்க வேண்டும் என்று நான்தான் எப்போதும் முதலில் ஏறுவேன். என்னைப் பார்த்து அவர், "லாபம்" என்றார். எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்து, "ரெண்டு" என்றார். கல்யாணம் ஆகாத டீச்சரைப் பார்த்து லாபம் என்றால் என்ன அர்த்தம்? திரும்பி முறைத்தேன். கூட வந்த மனையியல் டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அது நெல்லளக்கிற கணக்கு புள்ள. எங்கட வயல் வட்டைக்குள்ள முதல் மரைக்காலை ஒண்டெண்டு சொல்ல மாட்டாங்க. லாபம், ரெண்டு, மூணு எண்டுதான் அளப்பாங்க. இவர்ர வாப்பமார் காணிக்காரப் போடியார்ர களத்தில நெல்லளந்த ஆக்கள்" என்றாள். வாப்பமார் என்று அவள் சொன்னது பழக்கத்தில். முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியில் பிறந்து வளர்ந்த அவளுக்கு எல்லாருடைய தகப்பனும் வாப்பாதான்.

அவளுக்குத் தன்னை எண்ணுவது பிடிக்காது. தலையை எண்ணினால் ஆயுள் குறையும் என்பாள். குடையை விரித்து அதற்குள் ஒளிந்துகொண்டு ஏறுவாள். பெரியையா கயிற்றை அவிழ்க்கவே மாட்டார். "குடைக்குள்ள இரிக்கிற டீச்சர், தலையக் காட்டுங்க. காட்டினாத்தான் பாதை போகும்" என்பார். பாதை முழுக்கச் சிரிக்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடையை மடக்குவாள்.

நான் மெதடிஸ்ட் வீட்டில் பிறந்தவள், கணக்குப் படித்தவள். இதையெல்லாம் நம்பக் கூடாது என்று இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்லிக் கொடுக்கப்பட்டவள். ஆனாலும் அந்த மனிதரின் பார்வை தலையில் விழும்போது எனக்கும் பயம் வரும். திரும்பி வராமல் போகக்கூடும் என்று ஒருவர் நினைத்தால்தானே எண்ணி வைப்பார்? காலம் அப்படிப்பட்டது. இக்கரையில் சென்றி என்று காவலரண் போட்டு இராணுவச் சீருடைக்காரர் இருந்தார்கள். அக்கரையில் இயக்கப் பொடியன்கள் இருந்தார்கள். நடுவில் நாங்கள் கொப்பிக் கட்டுகளோடு போய் வந்துகொண்டிருந்தோம். எண்ணுகிறவனை இரண்டு பக்கமும் சந்தேகிக்கும். நாங்களும் சந்தேகித்தோம், பொய் சொல்லவில்லை. இவர் யாருக்காக எண்ணுகிறார் என்று கொஞ்ச நாள் குசுகுசுத்தோம்.

அந்தக் குசுகுசுப்பு ஒரு மாலையோடு நின்றது. உன்னிச்சைப் பக்கம் பகல் முழுக்க வெடிச்சத்தம். பாதைக்காரர் பயந்துபோய் வெளிக்கிடவில்லை. ஒருபடியாக வெளிக்கிட்டு நடுவாவிக்கு வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. ஊரடங்கு நேரம். எதிரே சென்றியில் துவக்குகள் எங்கள் பக்கம் திரும்புவது தெரிந்தது. மனையியல் டீச்சர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள். நான் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கி இரண்டாவது வரியை மறந்துவிட்டேன்.

கரையில் அந்த மனிதர் மட்டும் நின்றார். சென்றிக்காரர் அவரைப் போகச் சொல்லிக் கத்துவது கேட்டது. அவர் போகவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீரில் இறங்கினார்.

"சுடாதீங்க மாத்தையா. அது என்ட ஆக்கள். பதினாலு பேர், பாதைக்காரர் ரெண்டு பேர். எண்ணிப் பாருங்க. ஒராள் கூட இரிந்தா என்னச் சுடுங்க" என்றார்.

அவர்கள் எண்ணினார்கள். பதினான்கும் இரண்டும் சரியாக இருந்தது. நான் முதலில் இறங்கினேன். அவர் என் தலையைப் பார்த்து "லாபம்" என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சொல் எனக்கு இனித்தது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். ஒரே நாளில் சொல்லவில்லை. பாதை பிந்துகிற காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

இருபது வயதில் களத்தை விட்டுவிட்டுத் திருகோணமலைக்கு வேலை தேடிப் போயிருக்கிறார். விமானத் தளத்தில் நிலவேலைக்காரருக்குத் தேத்தண்ணி காய்ச்சிக் கொடுக்கிற வேலை. அங்கே வந்து இறங்கிய குண்டுவீச்சு அணி அதற்கு முன்பு பாலைவனத்தில் சண்டை பிடித்ததாம். விமானங்களைக் கழுவும்போது தகடுகளின் இடுக்கிலிருந்து மண் கொட்டுமாம். "நம்மட மண்ணில்ல புள்ள. மஞ்சளாரிக்கும், மா மாதிரி. நான் கூட்டிக் கூட்டி அள்ளினன். அள்ள அள்ள வந்திச்சு" என்பார். அந்த அணி இங்கிலாந்திலிருந்து புறப்பட்டபோது இருந்த ஆட்களில் பாதிப்பேர் அப்போதே இல்லை. ஒரு விமானம் போனால் இன்னொன்று வரும், அதற்கும் அதே எண்ணைப் போடுவார்கள். "ஆள் மாறும். நம்பர் மாறாது. அதான் எனக்குப் பயம் வந்த முதல் இடம்" என்று ஒருநாள் சொன்னார்.

விமானங்கள் போனால் நிலவேலைக்காரர் புல்லில் இருந்து வானத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்களாம். சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவார்களாம். இவரும் தேத்தண்ணிக் கேத்தலோடு பக்கத்தில் இருந்து, களத்தில் பழகிய மாதிரி எண்ணியிருக்கிறார். லாபம், ரெண்டு, மூணு. எப்போதும் முன்னால் பறந்த முதல் விமானத்துக்காரர் மூவருக்கும் அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. கையாலும் அரைகுறை இங்கிலிஷாலும் இவர் விளக்கிச் சொல்ல, அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு விமானத்தில் எழுதிவிட்டார்கள். "எழுத்துக் கூட்டினது நான்தான்" என்று சொல்லும்போது அந்த வயதிலும் அவர் முகத்தில் ஒரு வெட்கம் வரும்.

பிறகு ஒரு காலை. கடலில் யப்பான்காரனின் கப்பல்கள் வந்துவிட்டதாகச் சங்கு ஊதியது. எல்லோரும் ஓடுகிறார்கள். ஒன்பது விமானங்கள் கிளம்புகின்றன. பக்கத்தில் நின்ற ஒரு கிளாக்கர், நம் ஆள்தான், நன்றாக உடுத்தவர், எத்தனை போகிறது என்று எண்ணச் சொன்னார். இவர் "லாபம்" என்று தொடங்கியதும் கிளாக்கர் ஏசினார். "இதென்ன களத்துமேட்டுக் கதை? ஒழுங்கா எண்ணு." பயத்தில் இவர் ஒழுங்காக எண்ணினார்.

அந்த ஒழுங்கான முதல் எண்ணை அவர் என்னிடம் வாயால் சொல்லவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஐந்து திரும்பியது. முதலாவது திரும்பவில்லை. பொழுது சாயும்வரை அவர் ஓடுபாதை ஓரத்தில் கேத்தலோடு நின்றிருக்கிறார். அதற்குள் தளத்திலும் குண்டு விழுந்து, அவர் தேத்தண்ணி காய்ச்சுகிற குசினி இருந்த இடம் எரிந்துகொண்டிருந்தது. விடிந்ததும் சம்பளமும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், ஊரை விட்டு ஓடிய சனத்தோடு சேர்ந்து தெற்கே நடக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த எண்ணை அவர் சொன்னதே இல்லை. நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். "ஒண்டுமில்ல" என்று நாம் சொல்கிற இடத்தில் அவர் "அது ஒரு காரியமுமில்ல" என்பார். பாதையில் ஆள் போகும்போது மட்டுமல்ல, கடையில் தேங்காய் வாங்கும்போதும் விரலைத்தான் காட்டுவார். வாயைக் கிளறிப் பார்க்க வேண்டும் என்று நான் ஒருநாள், "பெரியையா, பத்தில ஒன்பது போனா எத்தின?" என்று கேட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார். "டீச்சர் இப்ப பாதை ஏறப் போறீங்க. இந்த விளையாட்டு வேணாம்" என்றார்.

சென்றிக்குப் புதிதாக ஒருவன் வந்தான். தமிழ் படித்தவன், புத்தகத்தில் படித்த தமிழ். நல்ல பிள்ளை போலத்தான் பேசுவான். காலையில் பெரியையா எண்ணும்போது பக்கத்தில் வந்து நின்று கேட்பான். தூணிலே அவர் எழுதுவதையும் பார்ப்பான். கோடுகளுக்கு முன்னால் "லா" என்று ஓர் எழுத்து இருக்கும். அதுதான் முதல் ஆள், மற்றவர்களுக்குத்தான் கோடு.

ஒரு மாலை நாங்கள் ஒன்பது பேர் திரும்பிக்கொண்டிருந்தோம். நடுவாவியிலேயே தெரிந்தது, துறையில் ட்ரக் நிற்கிறது. பெரியையா தூணுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். அந்தத் தமிழ் படித்தவன் அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவர் வாய் திறக்கவில்லை. ஒருவன் அவர் முதுகில் உதைத்தான். அவர் கையை ஊன்றி எழுந்து, மறுபடி எங்களைத்தான் பார்த்தார்.

பாதை முட்டியது. கயிற்றைப் பிடிக்க அவரை விடவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக இறங்கினோம், நான் முதலில். உதடு கிழிந்திருந்தாலும் அவர் எண்ணினார்.

"லாபம். ரெண்டு. மூணு." ஒன்பது வரைக்கும் எண்ணி முடித்தார். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினார்.

"இப்ப கேளுங்க மாத்தையா."

"லாபம் யார்?" என்று அவன் கேட்டான். "ஒவ்வொரு நாளும் இந்தப் பெயரை எழுதுகிறாய். யார் அவன்?"

ஒரு சொல் போதும். லாபம் என்றால் ஒன்று. அவ்வளவுதான். ஆனால் பாதைக்காரர் இருவரும் இன்னும் அக்கரைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. தண்ணீரில் போகப்போகிற ஆட்கள் இருக்கும்போது அந்தச் சொல்லை அவர் சொல்வாரா? யோசித்து, வேறு சொல் தேடிச் சொன்னார்.

"லாபமெண்டா முதல் ஆள் மாத்தையா."

"முதல் ஆள் என்றால்? தலைவனா?"

"தலைவனில்ல. முதலில போற ஆள்."

"முன்னால் போகிறவன்தானே தலைவன்? இன்றைக்கு அந்த ஆள் யார்? இதில் நிற்கிறானா?"

பெரியையா எங்களைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வாவிப் பக்கம் பார்த்தார். "எல்லாரும் வந்திற்றாங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் அவனிடமிருந்து ஆறடி தூரத்தில் நின்றேன். லாபம் என்றால் ஒன்று என்று மூன்று பாஷையில் சொல்ல எனக்குத் தெரியும். ஒன்று என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் நான். அன்றைக்கு லாபம் நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தேன். டீச்சர் என்று பார்ப்பார்களா, பெண் என்று பார்ப்பார்களா? மனையியல் டீச்சர் என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்திருந்தாள். அவள் பிடித்ததால்தான் நான் பேசவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

"விசாரித்துவிட்டு விடுவோம்" என்று சொல்லி அவரை ட்ரக்கில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தார்.

"டீச்சர், எண்ணிக்கொள்ளுங்க" என்றார்.

அதைத்தான் அவர் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. காப்பாற்றச் சொல்லவில்லை. போகிறவரை எண்ணி வைக்க ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தார். ட்ரக் புறப்பட்டது. நான் எண்ணினேன். வகுப்பில் பழகிய வாய், பயத்தில் பழக்கப்பட்டதைத்தான் சொல்லியது.

"ஒண்டு" என்றேன்.

அவர் திரும்பி வரவில்லை.

ஒரு சொல்லால் யாரும் சாவதில்லை. இது எனக்குத் தெரியும், கணக்கும் தெரியும், வேதமும் தெரியும். தெரிந்தும், இத்தனை வருடமாக என் மகள் விமானம் ஏறும்போதெல்லாம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளுக்குள் லாபம், லாபம் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் அந்தப் பெண்மணி வந்தார். நெல் அளக்கிற கணக்கிலிருந்து தொடங்கி, தேத்தண்ணிக் கேத்தலோடு நின்ற அந்தப் பொழுது வரைக்கும் சொன்னேன். முதலாவது விமானம் திரும்பவில்லை என்றபோது அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஆட்கள் திரும்பினார்களே" என்றார்.

ஓர் எஞ்சின் எரிந்துபோய்த் தெற்கே ஒரு கடற்கரை மணலில் வயிற்றால் இறங்கியதாம். மீன்பிடிக்காரர் மூவரையும் தூக்கி எடுத்து இளநீர் கொடுத்தார்களாம். இரண்டு நாள் கழித்து லொறி ஒன்றில் தளத்துக்கு வந்து சேர்ந்தார்களாம். மூவரில் ஒருவர்தான் அவருடைய தாத்தா. அதனால்தான் இந்தப் பெண்மணி பிறந்தார், இன்றைக்கு என் முன்னால் இருக்கிறார்.

பையிலிருந்து தாத்தாவின் நாட்குறிப்புப் பிரதியை எடுத்து ஒரு பக்கத்தை வாசித்தார். குசினி எரிந்து கிடந்ததாம். தேநீர்க்காரரைக் காணவில்லையாம். தங்களோடு பழகிய அந்த மனிதரை மூவருமாகச் சாம்பலுக்குள் மூன்று நாள் தேடினார்களாம். நான்காம் நாள் அவரை இறந்தவர் என்று எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார் தாத்தா. அந்த நேரம் பெரியையா உயிரோடு, அவர்களை இறந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டு, கடற்கரை வழியாக ஊருக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

"மூன்று நாளா?" என்று நான் திரும்பக் கேட்டேன்.

"மூன்று நாள்" என்றார்.

நான் பெரியையாவை ஒரு மணித்தியாலம்கூடத் தேடவில்லை. எந்த முகாம் வாசலுக்கும் போகவில்லை. எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. பெயரே தெரியாமல் எப்படி வைப்பது? ஒண்டு என்று சொல்லிவிட்டேன், இனி வரமாட்டார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது. அந்த விமானம் போல அவரும் எங்காவது ஒரு மணலில் இறங்கி, யாராவது தேடி வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருந்தால்? இதை இதற்கு முன் நான் நினைத்ததே இல்லை. நினைக்கப் பயம்.

"பிறகு அவருக்கு என்ன நடந்தது?" என்று அவர் கேட்டார். துறையில் நடந்ததைச் சொன்னேன், ஒன்பது தலைகளையும் ட்ரக்கையும் தமிழ் படித்தவனின் கேள்வியையும். இந்தக் கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. ட்ரக் போன இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு, குற்றம் சொல்லும் குரலில் அல்ல, வரலாறு எழுதுகிறவர் விட்டுப்போனதைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"அந்த ஆள் கேட்டானே, அன்றைக்கு லாபம் யார் என்று. யார் அது?"

"நான்தான்" என்றேன்.